முன்பட்டை உட்கார்ந்துவிட்டால்: பிக்கப்பை மட்டத்துக்குக் கொண்டுவருவது எப்படி

பக்கவாட்டில் நின்று பார்க்கும்போது உங்கள் பிக்கப் தலையைக் குனிந்துகொண்டு நிற்கிறதா? சின்னப் பள்ளத்தில் இறங்கினாலே முன்பக்கம் டக்கென்று அடிக்கிறதா? அப்படியானால் முன் லீஃப் ஸ்பிரிங் (ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய வளைந்த எஃகுத் தகடுகள்) தன் வளைவை இழந்திருக்க நல்ல வாய்ப்பு இருக்கிறது. பட்டறையில் இதைப் பட்டை என்றுதான் சொல்வோம். இங்கேயும் அப்படியே சொல்கிறேன். முதல்முறை இந்த வேலையில் கை வைப்பவர்களுக்காக எழுதுகிறேன். நிதானமாகச் செய்தால் ஒரு விடுமுறை நாளில் முடித்துவிடலாம். துருப்பிடித்த வண்டி என்றால் இரண்டு நாள் ஒதுக்கிக்கொள்ளுங்கள்.

முன்பக்கம் முழு ஆக்சிலும் அதன் மேல் லீஃப் ஸ்பிரிங்கும் உள்ள வண்டிகளுக்குத்தான் இது பொருந்தும். ஃபோர்டு சூப்பர் டியூட்டி எஃப்-250, எஃப்-350 நான்கு சக்கர இயக்க வண்டிகளில் 1999 முதல் 2004 வரை முன்பக்கம் பட்டைதான்; 2005-இல் காயில் ஸ்பிரிங்குக்கு மாறினார்கள். டாட்ஜ் நான்கு சக்கர இயக்க பிக்கப்புகளில் 1993 வரை இருந்தது. 1973-இல் வந்த தலைமுறை செவ்ரோலெட் நான்கு சக்கர இயக்க பிக்கப்புகளிலும் உண்டு. உங்கள் வண்டியில் முன்னால் டார்ஷன் பாரோ (முறுகும் கம்பி ஸ்பிரிங்) காயிலோ இருந்தால் வேலை வேறு மாதிரி. முதலில் கீழே குனிந்து பார்த்துவிடுங்கள்.

அளக்காமல் எதையும் வாங்காதீர்கள்

இந்த வேலையின் முதல் கருவி ஸ்பேனர் இல்லை, அளவு நாடா. கண்ணுக்குச் சாய்வாகத் தெரிவதை நம்பிப் பட்டை வாங்கி மாட்டிய பிறகும் வண்டி அதே பக்கம் சாய்ந்து நிற்பதைப் பார்த்திருக்கிறேன். அந்த வண்டியில் குற்றம் பின்பட்டையில் இருந்தது.

சமதளமான தரையில் வண்டியை நிறுத்துங்கள். நான்கு டயரிலும் காற்று சரியாக இருக்கட்டும். பின்பெட்டியில் சுமை வேண்டாம். வண்டியை ஐந்தாறு மீட்டர் முன்னும் பின்னும் உருட்டி, முன் பம்பரை நாலு தடவை அழுத்தி விடுங்கள். பட்டைகளும் அவற்றின் முனைகளிலுள்ள ரப்பர் புஷ்களும் இயல்பான நிலைக்கு வந்துவிடும். அப்புறம் ஒவ்வொரு சக்கரத்தின் மையத்திலிருந்து நேர் மேலே ஃபெண்டர் விளிம்பு வரை அளந்து எழுதிக்கொள்ளுங்கள். தரையிலிருந்து அளந்தால் டயர் தேய்மானமும் காற்றழுத்தமும் கணக்கைக் கெடுக்கும். சக்கர மையத்திலிருந்து அளந்தால் அந்தக் குழப்பம் இல்லை.

இரண்டாவதாக, ஆக்சில் குழாயின் மேற்பரப்பிலிருந்து சேஸிஸின் அடிப்பாகம் வரை இரண்டு பக்கமும் அளங்கள். ஃபெண்டர் அளவில் வித்தியாசம் இருந்து, சேஸிஸ் அளவில் இல்லையென்றால் பட்டைமேல் குற்றமில்லை. கேபினைச் சேஸிஸில் தாங்கும் ரப்பர் நசுங்கியிருக்கும், அல்லது அந்த இடம் துருப்பிடித்துத் தேய்ந்திருக்கும். இடது வலது வித்தியாசம் ஒரு சென்டிமீட்டருக்குள் இருந்தால் நான் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. ஓட்டுநர் பக்கமும் பேட்டரி இருக்கும் பக்கமும் கொஞ்சம் கூடுதலாக இறங்குவது வழக்கம்தான்.

ஒரு பக்கச் சாய்வு முன்னாலிருந்து வருகிறதா பின்னாலிருந்து வருகிறதா என்று கண்டுபிடிக்க எளிய வழி இருக்கிறது. முன்சக்கரங்கள் இரண்டுக்கும் முன்னும் பின்னும் முட்டுக்கட்டை வையுங்கள். பின் டிஃபரன்ஷியலின் நடுவில் ஒரே ஒரு ஜாக்கியை வைத்து, பின்சக்கரங்கள் தரையை விட்டுச் சற்றே எழும்பும் வரை தூக்குங்கள். இப்போது பின்பக்கம் ஒரே புள்ளியில் நிற்கிறது. அதனால் பின்பட்டைகளால் வண்டியை எந்தப் பக்கமும் சாய்க்க முடியாது. அப்போதும் சாய்வு அப்படியே இருந்தால் காரணம் முன்பக்கம். நிமிர்ந்துவிட்டால் பின்பட்டையைப் பாருங்கள். இந்தச் சோதனையின்போது யாரும் வண்டிக்கு அடியில் போகக் கூடாது. பின்சக்கரம் காற்றில் இருப்பதால் ஹேண்ட் பிரேக் வண்டியைப் பிடிக்காது.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். வெறும் பிக்கப் முன்னால் சற்றுத் தாழ்ந்து நிற்பது கம்பெனி வேண்டுமென்றே வைத்ததுதான். பின்னால் சுமை ஏறியதும் வண்டி மட்டத்துக்கு வரும். வெறும் வண்டியை அச்சு மட்டமாக நிறுத்திவிட்டால், சுமை ஏற்றும்போது பின்பக்கம் தாழ்ந்து, முகப்பு விளக்கு எதிரே வருபவர் கண்ணில் அடிக்கும். ஆகவே குறிக்கோளைத் தெளிவாக வைத்துக்கொள்ளுங்கள்: இழந்த உயரத்தைத் திரும்பப் பெறுவதா, அல்லது பம்பர், வின்ச் போல நிரந்தரமாக ஏறிவிட்ட எடையைத் தாங்குவதா? வாங்க வேண்டிய பட்டை அதைப் பொறுத்தது.

பட்டையை நெருங்கிப் பார்த்தால்

கையில் டார்ச்சும் கம்பி பிரஷும் எடுத்துக்கொண்டு கீழே போங்கள். மெயின் பட்டையின் (கட்டிலேயே நீளமான தகடு) இரண்டு கண்களுக்கும் (முனைகளிலுள்ள வளையங்கள்) இடையே ஒரு நூலை இழுத்துப் பிடித்தால் வளைவு எவ்வளவு மிச்சம் என்று தெரியும். நூலும் பட்டையும் ஒன்றாகப் படுத்திருந்தாலோ, பட்டை எதிர்ப்பக்கம் வளைந்திருந்தாலோ அது தளர்ந்துவிட்டது. பட்டையின் ஒரு முனையைச் சேஸிஸோடு சேர்க்கும் ஆடும் இணைப்பான ஷேக்கிளும் கதை சொல்லும். வளைந்த பட்டை நிமிர நிமிர நீளும். அந்த நீளம் ஷேக்கிளை நிலையான முனைக்கு எதிர்த்திசையில் தள்ளும். ஒரு பக்க ஷேக்கிள் மற்றதைவிட அதிகமாகச் சாய்ந்திருந்தால் அந்தப் பட்டை கூடுதலாக உட்கார்ந்திருக்கிறது.

பட்டைகளின் ஓரங்களைப் பிரஷால் தேய்த்து விரிசல் தேடுங்கள். தகடுகளை நடுவில் சேர்த்துப் பிடிக்கும் சென்டர் போல்ட்டின் அருகேயும் மெயின் பட்டையின் கண் அருகேயும் முக்கியமாகப் பாருங்கள். சென்டர் போல்ட் அறுந்திருந்தால் ஆக்சில் அந்தப் பக்கம் முன்னோ பின்னோ நகர்ந்திருக்கும். சக்கரம் ஃபெண்டர் வளைவின் நடுவில் நிற்காது. இப்படி இருந்தால் மேற்கொண்டு ஓட்டாமல் அங்கேயே நிறுத்திவிடுங்கள்.

எதை மாட்டுவது

பழைய பட்டையை அடித்து வளைவு ஏற்றித் தருவார்கள். முறையாகச் சூடேற்றிப் பதப்படுத்தும் பட்டறையில் செய்தால் நிற்கும். வெறுமனே குளிர்ந்த நிலையில் அடித்தது சீக்கிரமே பழையபடி இறங்கிவிடும். கூடுதலாக ஒரு பட்டையைச் செருகுவதும் உண்டு. உயரம் வரும், ஆனால் ஓட்டம் முரடாகும். தளர்ந்துபோன மற்ற பட்டைகள் தளர்ந்தபடியே இருக்கும். நீள ஷேக்கிள் போடுபவர்கள் ஒரு கணக்கை மறக்கிறார்கள்: ஷேக்கிளை 2 அங்குலம் நீட்டினால் வண்டி சுமார் 1 அங்குலம்தான் ஏறும், ஏனென்றால் பட்டையின் ஒரு முனை மட்டும்தான் இறங்குகிறது. அதோடு ஆக்சிலும் சுழன்றுவிடுவதால் காஸ்டர் கோணம் (முன்சக்கரம் திரும்பும் அச்சு முன்பின்னாகச் சாய்ந்திருக்கும் அளவு) மாறி ஸ்டீயரிங் குணம் கெடும்.

முன் ஆக்சிலுக்கும் பட்டைக்கும் நடுவே உயரக் கட்டை வைப்பதை மட்டும் தயவுசெய்து செய்யாதீர்கள். வண்டியின் பெரும்பாலான பிரேக் விசை முன் ஆக்சிலில்தான் விழுகிறது. கட்டை ஒரு நெம்புகோல்போல் வேலை செய்து பட்டையை முறுக்கும். அது நழுவினால் ஸ்டீயரிங்கும் சேர்ந்து போகும்.

என் கணிப்பில், இரண்டு பக்கமும் புதுப் பட்டைக் கட்டு போடுவதுதான் செலவுக்கும் உழைப்புக்கும் ஏற்ற வழி. ஒன்றை மட்டும் மாற்றினால் புதியது உயர்ந்தும் பழையது தாழ்ந்தும் நிற்கும். ஃபோர்டில் கதவுத் தூணில் ஒட்டியிருக்கும் சீட்டிலேயே ஸ்பிரிங் குறியீடு இருக்கும். மற்ற வண்டிகளில் சேஸிஸ் எண்ணைக் கொண்டு பாக எண்ணைக் கண்டுபிடிக்கலாம். சில வண்டிகளில் இடதுபட்டையும் வலதுபட்டையும் வேறு வேறு. வின்ச் முதலியவை மாட்டியிருந்தால் எடை மேடையில் முன்சக்கரங்களை மட்டும் ஏற்றி எடை பார்த்துவிட்டு, அதற்கேற்ற தாங்குதிறனில் வாங்குங்கள். தேவைக்கு மேல் கனத்த பட்டை வண்டியைத் தூக்கி நிறுத்தும், ஆனால் சின்னக் கல் ஏறினாலும் குலுக்கி எடுக்கும்.

பட்டையோடு சேர்த்துப் புது யு-போல்ட் (பட்டையை ஆக்சிலோடு பிடிக்கும் போல்ட்), நட், வாஷர், புஷ், ஷேக்கிள் போல்ட் வாங்கிவிடுங்கள். பழைய யு-போல்ட் இறுக்கும்போது நீண்டு, மரையும் சேதப்பட்டிருக்கும். அதைத் திரும்பப் போடுவது சரியல்ல. புதியதை வாங்கும்போது போல்ட்டின் தடிமன், உள் அகலம், நீளம், வளைவு வட்டமா சதுரமா என்ற நான்கையும் பாருங்கள். புதுக் கட்டில் பட்டைகள் அதிகமாக இருந்தால் பழைய நீளம் பற்றாது.

கழற்றுவது

இரண்டு மூன்று நாள் முன்பே எல்லா போல்ட்டிலும் துரு இளக்கும் எண்ணெய் அடித்து வையுங்கள், தினமும் ஒருமுறை. யு-போல்ட்டின் வெளியே நீட்டியிருக்கும் மரையைக் கம்பி பிரஷால் சுத்தம் செய்துவிட்டால் நட் பாதி வழியில் சிக்காது.

வேலை நாளில் பின்சக்கரங்களுக்கு முட்டுக்கட்டை, ஹேண்ட் பிரேக். முன்பக்கத்தைத் தூக்கி, முன்பட்டையின் பின் ஹேங்கருக்கு (பட்டை முனையைச் சேஸிஸில் தாங்கும் பிடிப்பு) சற்றுப் பின்னால் சேஸிஸின் இரண்டு பக்கமும் உறுதியான ஸ்டாண்ட் கொடுங்கள். ஸ்டாண்டை ஆக்சிலில் வைத்தால் பட்டையைக் கழற்றவே முடியாது. வண்டியின் எடை சேஸிஸ் வழியாக நிற்க வேண்டும். ஸ்டாண்ட் வைத்ததும் வண்டியைக் கையால் நன்றாக ஆட்டிப் பாருங்கள். ஆடினால் இறக்கி மறுபடி வையுங்கள். ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் போவது கூடவே கூடாது.

ஒரு நேரத்தில் ஒரு பக்கம் மட்டும் வேலை செய்யுங்கள். மறுபக்கப் பட்டை ஆக்சிலை அதன் இடத்தில் பிடித்துவைத்திருக்கும். இரண்டையும் சேர்த்துக் கழற்றினால் ஆக்சில் உருண்டு, பிரேக் ஹோஸையும் முன் ஷாஃப்ட்டையும் இழுக்கும்.

சக்கரத்தைக் கழற்றுங்கள். ஆக்சிலுக்கு அடியில் ஜாக்கி கொடுத்துத் தாங்குங்கள். ஷாக் அப்சார்பரின் கீழ் முனையையும் ஸ்டெபிலைசர் இணைப்பையும் விடுவியுங்கள். பிரேக் ஹோஸும் ஏ.பி.எஸ் வயரும் ஆக்சிலோடு சேர்த்துக் கட்டியிருந்தால் அந்தப் பிடிப்பைத் தளர்த்திவிடுங்கள். ஹோஸ் ஒருபோதும் இழுபட்டுத் தொங்கக் கூடாது. அடுத்து யு-போல்ட் நட்கள்.

இனி ஷேக்கிள் போல்ட், அதன்பின் இதேபோல் நிலையான முனையின் போல்ட். பட்டையில் இறுக்கமோ இழுவையோ இல்லாத உயரம் ஒன்று இருக்கிறது. ஜாக்கியைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றி இறக்கி அதைக் கண்டுபிடிக்க வேண்டும். அந்த உயரம் வந்ததும், நட் கழற்றிய ஷேக்கிள் போல்ட் ஸ்பேனருக்கு லேசாகச் சுற்றும், கையால் தட்டினாலே அசையும். அதற்கு முன் சுத்தியலால் அடித்து வெளியே தள்ளினால் பட்டையின் முனை துள்ளி எழும்பும். முகத்தையும் விரல்களையும் அந்தக் கோட்டிலிருந்து விலக்கியே வைத்திருங்கள், கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள். பட்டைக் கட்டின் சென்டர் போல்ட்டைக் கழற்ற வேண்டாம். அதில் தேக்கிய விசையோடு பட்டைகள் விரியும்.

சரி, போல்ட் வரவே மாட்டேன் என்கிறதா? புஷ்ஷின் உள் இரும்புக் குழாயும் போல்ட்டும் துருவால் ஒட்டிக்கொண்டிருக்கும். போல்ட் சுற்றுவதுபோல் தெரியும், ஆனால் ரப்பர்தான் முறுக்கிக்கொண்டு திரும்பும். அதைப் பார்த்ததும் சுத்தியலைக் கீழே வையுங்கள். ஹேங்கருக்கும் புஷ்ஷுக்கும் நடுவிலுள்ள இடைவெளியில் ரம்பத்தை விட்டு இரண்டு பக்கமும் அறுத்துவிடுங்கள். தீ வைத்து எடுப்பவர்கள் உண்டு; ரப்பர் எரிந்து மோசமான புகை வரும், பக்கத்திலேயே பிரேக் குழாயும் எரிபொருள் குழாயும் போகும். எனக்கு அதில் உடன்பாடில்லை.

புதியது உள்ளே போகும் முன்

பழைய பட்டைக் கட்டையும் புதியதையும் தரையில் பக்கம் பக்கமாக வையுங்கள். ஒரு கட்டு 20 கிலோவுக்கு மேல் இருக்கலாம், இரண்டு பேர் தூக்குங்கள். முன் கண்ணிலிருந்து சென்டர் போல்ட் வரையும், அங்கிருந்து பின் கண் வரையும் அளங்கள். பல பட்டைகளில் இந்த இரண்டு அளவும் சமமாக இருக்காது. திருப்பி மாட்டினால் ஆக்சில் இடம் மாறி, சக்கரம் ஃபெண்டரில் உரசும். புதுப் பட்டையில் சாக்பீஸால் ‘முன்’ என்று எழுதிவிடுங்கள். சென்டர் போல்ட் தலை ஆக்சில் மேடையின் (பட்டை உட்காரும் தளம்) துளையில் சரியாக உட்காருமா என்றும் பாருங்கள்.

வெறும் ஆக்சில் மேடையில் படிந்த துருவையும் மண்ணையும் சுரண்டி எடுங்கள். அந்த அழுக்கு அப்படியே இருந்தால் யு-போல்ட் முதலில் இறுகியதுபோல் தோன்றும். வண்டி ஓட ஓட அழுக்கு நசுங்கி, பிடி தளரும்.

மாட்டுவது

முதலில் நிலையான முனை, அப்புறம் ஷேக்கிள் முனை. இரண்டு போல்ட்டையும் செருகி, நட்டைக் கையால் மட்டும் பிடித்துவிடுங்கள். இறுக்க வேண்டாம்; காரணம் பின்னால் வருகிறது. ஜாக்கியால் ஆக்சிலை மெல்ல ஏற்றி, சென்டர் போல்ட்டின் தலை மேடைத் துளைக்குள் விழுவதைக் கண்ணால் பாருங்கள். கொஞ்சம் தள்ளி நின்றால் சரக்குக் கட்டும் ராட்செட் நாடாவால் ஆக்சிலை இழுத்து நேராக்குங்கள். துளைக்குள் விரலை விட்டுப் பார்க்காதீர்கள்.

யு-போல்ட்டின் நான்கு நட்களையும் எதிர் எதிராக, கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள். நட்டுக்கு வெளியே நீட்டும் மரை நான்கிலும் ஏறக்குறைய சமமாக இருக்கட்டும். கடைசி இறுக்கத்தை டார்க் ரெஞ்ச்சில், உங்கள் வண்டியின் கைநூல் சொல்லும் அளவுக்கு மூன்று நான்கு சுற்றில் ஏற்றுங்கள். போல்ட்டின் தடிமனைப் பொறுத்து இந்த அளவு மிகவும் மாறும். இன்னொருவர் வண்டியின் எண்ணை எடுத்துக்கொள்ள வேண்டாம். ஷாக் அப்சார்பர், ஸ்டெபிலைசர், ஹோஸ் பிடிப்புகளை மாட்டி, சக்கரத்தைப் போட்டு, மறுபக்கத்துக்குப் போங்கள்.

கண் போல்ட்டை எப்போது இறுக்குவது

புதிதாகச் செய்பவர்கள் பலர் சறுக்கும் இடம் இது. நானும் முதல் வண்டியில் தவறு செய்தேன். வண்டி ஸ்டாண்டில் இருக்கும்போதே எல்லா நட்டையும் முழுசாக இறுக்கிவிட்டேன். கீழே இறக்கியதும் எதிர்பார்த்ததைவிட இரண்டு விரற்கடை உயரமாக நின்றது. சந்தோஷமாகத்தான் இருந்தது. சில மாதத்தில் முன்னாலிருந்து கீச்சுச் சத்தம். கழற்றிப் பார்த்தால் புஷ் ரப்பர் உள்குழாயிலிருந்து பிய்ந்து, கறுப்புத் துருவலாக உதிர்ந்தது.

ரப்பர் புஷ்ஷின் உள்குழாய் ஹேங்கரோடு இறுகிவிடும், வெளிப்பகுதி பட்டையின் கண்ணோடு ஒட்டியிருக்கும். நடுவிலுள்ள ரப்பர் முறுக்கி முறுக்கித்தான் பட்டை அசைகிறது. பட்டை தொங்கும் நிலையில் போல்ட்டை இறுக்கினால் ரப்பருக்கு அதுதான் இயல்பு நிலை. வண்டி இறங்கியதும் ரப்பர் நிரந்தரமாக முறுக்கிய நிலையிலேயே இருக்கும். அந்த முறுக்கு வண்டியைச் சற்றே தூக்கியும் காட்டும், பின் ரப்பர் கிழிந்ததும் உயரம் இறங்கும்.

எனவே வண்டியைச் சக்கரங்களின்மேல் இறக்கி, முன்னும் பின்னும் உருட்டி, பம்பரை அழுத்தி விட்டு, அப்புறம்தான் நிலையான கண் போல்ட்டையும் ஷேக்கிள் போல்ட்களையும் முழு இறுக்கத்துக்குக் கொண்டுபோங்கள். இடம் போதாவிட்டால் சக்கரத்துக்கு அடியில் சரிவுமேடை வைத்து ஏற்றுங்கள். கிரீஸ் போட்டு மாட்டும் பாலியூரித்தேன் புஷ்ஷில் இந்தப் பிரச்சினை இல்லை, அது குழாயைச் சுற்றி நழுவும். ஆனால் கிரீஸ் வற்றினால் சத்தம் போடும்.

ஓட்டிப் பார்க்கும் முன்

ஸ்டீயரிங்கை இரண்டு பக்கமும் கடைசி வரை திருப்பிப் பாருங்கள்: டயர், ஹோஸ், ஸ்டீயரிங் இணைப்புகள் எதிலும் உரசக் கூடாது. உயரம் நன்றாகவே ஏறியிருந்தால், ஆக்சில் முழுவதும் தொங்கும்போது பிரேக் ஹோஸ் இழுபடுகிறதா, ஷாக் அப்சார்பர் எல்லைக்கு வந்துவிடுகிறதா என்றும் பார்க்க வேண்டும். இழுபட்டால் நீளமான ஹோஸ் போடாமல் ஓட்டாதீர்கள்.

ஸ்டீயரிங் பெட்டியிலிருந்து சக்கரத்துக்குக் குறுக்காகப் போகும் இழுகம்பி உள்ள வண்டிகளில், முன்பக்கம் ஏறியதும் ஸ்டீயரிங் சக்கரம் நேராக நிற்காது. இழுகம்பியின் நீளத்தைச் சரிசெய்தால் போதும்; ஸ்டீயரிங் சக்கரத்தைக் கழற்றித் திருப்பிப் போடுவது தீர்வல்ல. வீல் அலைன்மென்ட்டில் காஸ்டரைத் தனியாகப் பார்க்கச் சொல்லுங்கள். திருப்பத்துக்குப் பின் ஸ்டீயரிங் தானாகத் திரும்பி வராவிட்டால், நேர்ச்சாலையில் வண்டி அலைந்தால், காஸ்டர் குறைந்திருக்கிறது. அதைச் சரிசெய்ய ஆக்சில் மேடையில் ஆப்பு வடிவத் தகடு வைப்பார்கள். இரும்புத் தகடே போடுங்கள். மிருதுவான அலுமினியம் நசுங்கினால் யு-போல்ட் பிடி தளரும். முகப்பு விளக்கின் சாய்வையும் அன்றே சரிசெய்துவிடுங்கள்.

சக்கர நட்களை முதல் 80-100 கிலோமீட்டருக்குள் திரும்ப இறுக்கிப் பாருங்கள், யு-போல்ட்டையும் கூடவே. யு-போல்ட்டை 800 கிலோமீட்டர் வாக்கில் இன்னொரு முறை பார்ப்பது என் வழக்கம். புதுப் பட்டைகள் ஒன்றோடொன்று படிந்து உட்காரும்போது இறுக்கம் கொஞ்சம் குறையும். முதல் நாள் வண்டி எதிர்பார்த்ததைவிட உயரமாக இருந்தால் பயப்பட வேண்டாம். சில வாரத்தில் சற்றே இறங்கித் தன் நிலைக்கு வரும்.

ஒரு மாதம் ஓட்டியபின் அதே நாலு அளவையும், அதே தரையில், பின்பெட்டி காலியாக இருக்கும்போது மறுபடி எடுத்துப் பழைய சீட்டின் பக்கத்தில் எழுதுங்கள். ஒரு பக்கம் மட்டும் ஒரு சென்டிமீட்டருக்கு மேல் கூடுதலாக இறங்கியிருந்தால் பட்டைமேல் பழி போடும் முன், அந்தப் பக்கக் கண் போல்ட்டைத் தளர்த்தி, வண்டியை உருட்டிவிட்டுத் திரும்ப இறுக்குங்கள். அப்போதும் மாறாவிட்டால் சென்டர் போல்ட் தலை துளைக்குள் முழுசாக இறங்கியிருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள்.